விளக்கு முழுதும் அணையாத அந்தக் காட்சிக்கு எங்கள் நன்றி

மதிப்பிற்குரிய திரையரங்கு ஊழியர்களுக்கும், அன்று எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும்,

26 வயதான என் தம்பி ஆட்டிச நிலையாளர். கடந்த ஞாயிறு காலை, இங்கே இலண்டனில், ஆட்டிச நிலையாளர்களுக்கு ஏற்றவாறு உங்கள் அரங்கில் நடத்தப்பட்ட காட்சியில், அவன் ஒரு முழுநீளப் படத்தை முதன்முறையாக முடிவுவரை பார்த்தான். பக்கத்து இருக்கையில் அம்மாவும் அதே படத்தை முடிவுவரை பார்த்தார் என்பது எனக்கு அதைவிடவும் பெரிய செய்தி.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு வேறொரு திரையரங்குக்குப் போயிருந்தோம். விளம்பரங்களின் இரைச்சல் தாங்காமல் தம்பி காதைப் பொத்திக்கொண்டு குரலெழுப்பியபோது முன்வரிசைகள் முழுவதும் திரும்பிப் பார்த்தன. அவனை வெளியே அழைத்துப் போகும்படி ஒருவர் வந்து சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பின் படம் பார்க்கப் போவோமா என்று நான் கேட்கும்போதெல்லாம் தலைவலி என்று சொல்லிவிடுவார்.

ஆட்டிச நிலையாளர்களுக்கு ஏற்ற திரையிடல்களை 2011 முதல் நடத்திவரும் டைமென்ஷன்ஸ் தொண்டு நிறுவனத்துக்கும், அதனோடு கைகோத்திருக்கும் ஓடியன், சினிவேர்ல்ட், வியூ, ஷோகேஸ் ஆகிய திரையரங்கு நிறுவனங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. விளக்குகளை மங்கலாக எரியவிட்டு, ஒலியைக் குறைத்து, விளம்பரங்களையும் முன்னோட்டங்களையும் விலக்கி, நினைத்தபோது எழுந்து நடக்கவும் சொந்த உணவைக் கொண்டுவரவும் இடம் கொடுப்பது எழுத்தில் சிறிய மாற்றங்களாகத் தெரியலாம். பட்டர் பூசிய பாணைத் தவிர வெளியிடங்களில் வேறெதையும் உண்ணாத பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

ஆனால், எந்த விதிமுறையிலும் எழுதப்படாத ஒன்றுக்காகவே இந்த மடலை எழுதத் தொடங்கினேன். தம்பிக்கு மிகுந்த அச்சம் தருவது திரையின் ஒலியல்ல, கழிவறையில் கையை உலர்த்தும் இயந்திரத்தின் ஊளை. அன்று காலை அந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் காகிதத் துவாய்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தீர்கள். கதவருகே காதைப் பொத்தியபடி நின்ற தம்பி, சற்றுப் பொறுத்து ஒரு கையை எடுத்தான், பின்னர் மற்றதையும் எடுத்தான். அதை யோசித்துச் செய்தவர் யாரென்று கேட்டேன். நுழைவுச்சீட்டு பார்க்கும் இளம்பெண் வெட்கத்தோடு சிரித்தார். சகோதரி, உங்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

சி.ஈ.ஏ. அட்டைக்கு விண்ணப்பிக்க உதவிய ஆதரவுப் பணியாளரையும் நன்றியோடு நினைக்கிறேன். மாற்றுத்திறனாளியோடு படம் பார்க்கத் துணையாக வரும் ஒருவருக்குக் கட்டணமில்லாச் சீட்டுத் தரும் அந்த அட்டை பல வருடங்களாக இந்நாட்டில் இருந்தும், அவர் சொல்லும்வரை நாங்கள் அதை அறியவில்லை. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் இன்னும் பல இருக்கக்கூடும் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

படத்தின் நடுவே தம்பி நான்கு முறை எழுந்து, படிகளில் ஏறியும் இறங்கியும் நடந்தான். முதல் முறை அம்மாவும் பதறி எழுந்தார். பின்வரிசையில் தன் மகளோடு வந்திருந்த ஒரு தாய், "இருங்கள், அவர் நடக்கட்டும்" என்று மெல்லச் சொன்னார். அந்த அரங்கில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நான்காம் முறை தம்பி எழுந்தபோது அம்மா திரையிலிருந்து கண்ணெடுக்கவே இல்லை. பெயர் தெரியாத அந்தத் தாய் இதைப் படிக்க நேர்ந்தால், அவருக்கும் எங்கள் அன்பு.

உரிமையோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆட்டிச நிலையாளர்கள் எல்லோரும் சிறுவர்கள் அல்லர். பெரியவர்களுக்கான படங்களும், இந்நகரில் ஓடும் தமிழ்ப் படங்களும் இதே ஏற்பாட்டோடு ஒரு மாலையில் திரையிடப்பட்டால், அம்மா தன் மொழியில் ஒரு படத்தை மகனுடன் பார்ப்பார்.

இன்னொன்று: இடப்பக்கப் படிவரிசையில் மேலிருந்து ஏழாவது விளக்கு எரியவில்லை என்பதை உங்களுக்கு எழுதும்படி தம்பி இரண்டு தடவை நினைவூட்டினான்.

மிகுந்த நன்றியுடன்,
ஓர் அக்கா