கைநீட்டியவனை மறைப்பதா விசுவாசம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் புறப்படும் மகனுக்குத் தந்தை ஒருவர் எழுதிய அறிவுரைகளைச் சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் படித்தேன். காலுறை கூடுதலாக எடுத்துப் போ, தண்ணீர் நிறையக் குடி என்பதெல்லாம் சரிதான். 'என்ன நடந்தாலும் கூட இருப்பவனை மேலதிகாரியிடம் காட்டிக்கொடுக்காதே' என்ற கடைசி அறிவுரையை மட்டும் அந்தப் பையன் சாங்கிக் கரையிலேயே விட்டுவிட்டுப் பயிற்சித் தீவுக்குப் படகேறுவது நல்லது.

1967இல் கட்டாயச் சேவை தொடங்கிய நாள்முதல் இந்தப் பேச்சு அண்ணனிடமிருந்து தம்பிக்கும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும் கைமாறி வருகிறது. கல்யாணப் பந்தியில் என் வயதுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் சார்ஜண்ட்டின் கண்ணைக் கட்டிய கதைகள்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பதினெட்டு வயதுப் பையன் ராணுவம் என்றால் அதுதான் என்று எண்ணிக்கொள்கிறான்.

தொண்ணூறுகளில் அந்தத் தீவான புலாவ் தேக்கோங்கில் அடிப்படைப் பயிற்சி பெற்றபோது எனக்கு ஜோடியாகச் சேர்க்கப்பட்டவன் மகா முன்கோபி. பங்க்கை, அதாவது நாங்கள் படுக்கும் அறையைப் பெருக்கச் சொன்னால் அலமாரியை உதைப்பான். கார்ப்பொரலுக்குக் கேட்கும்படியே ஹொக்கியன் சீனத்தில் திட்டுவான். அதே ஆள்தான் நெடுநடையில் எவனாவது தள்ளாடினால் கேட்காமலேயே அவன் பையையும் சேர்த்துச் சுமப்பான். எங்களில் உடல் பருத்த ஒருவனைப் பகல் முழுவதும் கேலி செய்துகொண்டிருந்தவனை ஒரு நாள் இரவு இவன் அடித்துவிட்டான். உதடு கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடலாம் என்று விளக்கணைப்பதற்குள் முடிவாகிவிட்டது. அடிபட்டவனே அதற்குச் சம்மதித்தான். அவனும் 'நல்ல பையன்' என்று பெயரெடுக்க விரும்பினான் போலும். மறுநாள் பிளட்டூன் அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். அடித்தவன் யார் என்பதோடு நிறுத்தவில்லை. அந்தப் பருத்த பையன் வாரக்கணக்கில் என்ன பாடுபட்டான், அதைக் கண்டும் காணாமலும் இருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பாதியைச் சொல்லி மீதியை விழுங்கியிருந்தால் அதுதான் காட்டிக்கொடுப்பு.

அடித்தவனுக்குத் தண்டனை கிடைத்தது. கேலி செய்தவனும் தப்பவில்லை. எனக்குக் கிடைத்தது பங்க் முழுவதும் கடைப்பிடித்த மௌன விரதம். அடுத்த வாரம் எங்களுக்கு உண்மைத் தோட்டா சுடும் பயிற்சி இருந்தது என்பதை என்னிடம் பேசாமலிருந்தவர்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. சுடுதளத்தை விட்டு வெளியேறும்முன் சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளை உறைகளைக்கூட எண்ணி ஒப்படைத்து, 'என்னிடம் தோட்டா எதுவும் இல்லை' என்று உரக்க அறிவிக்க வேண்டும். பித்தளைக்கு அவ்வளவு கணக்கு வைக்கும் இடத்தில் ஒருவனுடைய ஆத்திரத்தை மட்டும் கணக்கில் வராமல் ஒளித்து வைப்பது என்ன நியாயம்?

முன்கோபிகளைச் சேவையிலேயே சேர்க்கக் கூடாது என்று இதை யாரும் திருப்பிவிட வேண்டாம். கட்டாயச் சேவை என்றால் சாந்தமானவனும் வருவான், சண்டைக்காரனும் வருவான். யாரோடு ஜோடி சேர்வது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதுமில்லை. ஆயுதப் படையில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அடித்தது ஏட்டிலேயே ஏறாவிட்டால் அவன் அவர்கள் எதிரில் போய் உட்காரப் போவதில்லை. நண்பர்கள் மூடி மறைத்ததால் உதவி கிடைக்காமல் போவது அவனுக்குத்தான்.

இன்னொன்றையும் அந்தத் தந்தை நினைத்துப் பார்க்கலாம். முழுநேரச் சேவை முடிந்ததும் இந்த உறவு முடிந்துவிடுவதில்லை. அதிகாரி அல்லாதவர்களுக்கு 40 வயதுவரை, அதிகாரிகளுக்கு 50 வயதுவரை கடமை உண்டு. போர்க்காலப் படைவீரர்களாக, அதாவது தேவைப்படும்போது திரும்ப அழைக்கப்படுபவர்களாக, அதே முகங்கள்தான் முகாம் பயிற்சிக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. நானும் அந்த முன்கோபியும் அப்படிப் பல தடவை ஒரே கூடாரத்தில் படுத்திருக்கிறோம். அந்த இரவைப் பற்றி அவன் ஒருமுறைகூடப் பேசியதில்லை, நானும் கிளறியதில்லை. சாப்பாட்டு வரிசையில் யாராவது குறுக்கே நுழைந்தால் இன்றைக்கும் அவனுக்குச் சுள்ளென்று ஏறும். மன்னித்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆயுதப் படையின் அடிப்படை விழுமியங்களில் முதலில் நிற்பது நாட்டுக்கு விசுவாசம். ஒழுக்கமும் வீரர்களின் நலனும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. கூட்டாளியின் குற்றத்தை மறைப்பது அதில் எந்த வரியிலும் இல்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சக வீரனைப் பற்றி ஒரு பையன் புகார் சொன்னால் அதன் பிறகு என்ன நடக்கும், சொன்னவனுக்கு என்ன பாதுகாப்பு உண்டு, கோபக்காரனுக்கு என்ன உதவி உண்டு என்பது பெற்றோரில் பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததால்தான் 'வாயைத் திறக்காதே' என்று சொல்லி அனுப்புகிறார்கள். தற்காப்பு அமைச்சிடம் விவரம் கேட்டு, அடுத்த சேர்க்கைக்கு முன்பாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

பழைய நண்பர்கள் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்பதால் என் பெயரைத் தவிர்க்கவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்