குதீச்சீன் மக்களுக்கு நன்றி மடல்

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றின் தோன்புரிக் கரையில், குதீச்சீன் பகுதியின் வாட் பிரயூன் என்னும் பௌத்த விகாரையைச் சுற்றி வாழும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாங்காக்கில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில, பிள்ளைகளோடு உங்கள் ஊர்க் கதையைக் கேட்க வந்தோம். முன்பின் தெரியாத எங்களை உறவினர்போல் நடத்தினீர்கள். நேரில் சொன்ன நன்றியில் மனம் நிறையவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விகாரையின் துறவிகளுக்கு முதல் வணக்கம். 1828-இல் டிட் புன்னாக் என்ற பிரபு கட்டுவித்த கோயில் இது. சுற்றிலும் நிற்கும் சிவப்பு இரும்பு வேலியில் ஈட்டி, வாள், கோடரி வடிவங்களைப் பிள்ளைகள் தடவித் தடவிப் பார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த அந்த வேலிக்கு, எடைக்கு எடை சர்க்கரை கொடுத்து வாங்கியதாக நீங்கள் சொன்னதும் அவர்கள் கண்கள் விரிந்ததை மறக்க முடியாது. தலைகீழாக நட்ட பீரங்கிகளின் அருகே மட்டும் எல்லோரும் அமைதியானோம். 1837-இல் திருவிழாவில் பீரங்கி வெடித்துப் பலர் மாண்டதும், காயம்பட்ட துறவி ஒருவரின் கையை அமெரிக்க மருத்துவர் பிராட்லி அறுவை செய்து அகற்றியதும் இங்கேதான்.

வெள்ளைச் சேதியத்தின் (தூபியின்) உள்ளே எங்களைக் குனிந்து வரச்சொல்லி, நடுத்தூணைக் காட்டிய பெரியவருக்குத் தனி நன்றி. சாய்ந்திருந்த தூணை நிமிர்த்திய கதையை, சொந்த வீட்டைப் பழுதுபார்த்தவர்போல் அவர் சொன்னார். 2013-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் முதலிடம் இந்தப் பணிக்குக் கிடைத்தது. முற்றிலும் தகும்.

விகாரையின் வரலாற்றில் பாதியை அதன் அண்டை வீட்டார்தாம் எங்களுக்குச் சொன்னார்கள். 1767-இல் பழைய தலைநகர் அயுத்தயா வீழ்ந்தபின், மன்னர் தாக்சின் போர்த்துக்கீசிய வழிக் கத்தோலிக்கருக்கு இங்கே நிலம் தந்த செய்தியைச் சாந்தா குரூஸ் தேவாலயத்துப் பாட்டி ஒருவர் விளக்கினார். கால்வாய்க் கரையில், பௌத்தக் கோயிலின் கூரை அமைப்பிலேயே கட்டிய பாங் லுவாங் பள்ளிவாசலைத் திறந்துகாட்டிய ஐயாவுக்கும், சீனர்களின் குவான் இன் கோயிலில் ஊதுபத்தி தந்த அம்மாவுக்கும் எங்கள் வணக்கம். பிரயூன் விகாரையை எல்லோரும் 'எங்கள் வாட்' (எங்கள் கோயில்) என்றே சொன்னீர்கள்.

கனோம் ஃபராங் என்னும் கேக் சுடும் சகோதரிகளே, உங்களை விட்டுவிடுவேனா? வாத்து முட்டையும் சர்க்கரையும் மாவும் நன்றாக அடித்து, மேலும் கீழும் கரிநெருப்பு வைத்து, திராட்சையும் பூசணிப் பாகுத் துண்டும் பதித்துச் சுட்ட கேக்கைச் சூட்டோடு தந்தீர்கள். காசு வாங்க மறுத்தது நியாயமே இல்லை.

தாய் மொழியிலிருந்து பொறுமையாக மொழிபெயர்த்த மாணவிக்கும், எங்களுக்காகக் காத்திருந்த படகுக்காரருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றைப் பிள்ளைகள் தமிழில் எழுதி வருகிறார்கள். முடிந்ததும் ஒரு படியை விகாரை அலுவலகத்தில் தருகிறோம். அன்று கேக்குக்குக் காசு வாங்கியே தீரவேண்டும்.

அன்புடன்,
பாங்காக் தமிழ்க் குடும்பங்களின் சார்பில்