கையெழுத்திட்ட வரைபடம் ஒன்று, வந்திறங்கிய ஸ்மோக்கர் வேறு

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
ஸ்மோக்கர் தயாரிப்புப் பட்டறை,
டெக்சாஸ்.

பொருள்: 20 அங்குல விட்டம், 48 அங்குல நீளத்தில் ஆர்டர் கொடுத்துச் செய்த ஆஃப்செட் ஸ்மோக்கர் (பக்கத்துப் பெட்டியில் விறகு எரித்து அதன் புகையில் கறி வேகவைக்கும் இரும்பு அடுப்பு), ஒப்புக்கொண்ட வரைபடப்படி இல்லாதது, புதிதாகச் செய்துதர அல்லது முழுப் பணத்தையும் திருப்பித்தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆர்டர் பேசியதும் வரைபடத்தை உட்கார்ந்து திருத்தியதும் உங்களோடு தமிழில்தான் நடந்தன. ஆகவே இந்தப் புகாரையும் தமிழில் எழுதுகிறோம். இதன் ஆங்கில வடிவம் பதிவு அஞ்சலில் தனியே வரும். 2,850 டாலர் விலையும் 180 டாலர் வண்டிக்கூலியும் முழுமையாகக் கொடுத்தாகிவிட்டது. வந்திறங்கிய ஸ்மோக்கரை அங்குலம் அங்குலமாக அளந்து, மூன்று முறை நெருப்பு மூட்டிப் பார்த்த பிறகே எழுதுகிறோம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறோம். நெருப்பு எரியும் பக்கப் பெட்டியான ஃபயர்பாக்ஸுக்குள் விறகு வைக்கும் தட்டைத் துத்தநாகம் பூசிய வலைத் தகட்டில் செய்திருக்கிறீர்கள். புதிதாக இருந்தபோது அதன் மேல் பூப்பூவாக மின்னிய வெள்ளிப் பளபளப்பே அது என்ன என்பதைக் காட்டிக்கொடுத்தது. சிறு சுள்ளிகளை மட்டும் வைத்து மூட்டிய முதல் நெருப்புக்குப் பிறகு, தணல் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. துத்தநாகம் 787 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும். நல்ல ஓக் தணல் 1,000 டிகிரியை எளிதாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பூச்சு எரிந்து ஆக்சைடு புகையாகக் கிளம்பும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வரும் என்பது வெல்டிங் செய்கிறவர்கள் அனைவருக்கும் தெரியும். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயைப் பற்றவைக்கும் முன் பூச்சைச் சுரண்டி எடுப்பது அதனால்தான். அப்படியிருக்க, சாப்பிடும் கறியின் மேல் படியப்போகும் புகைக்கு அடியில் அதையே வைத்தது எப்படி? வரைபடத்தில் இருப்பது பூச்சில்லாத சாதா இரும்பு, அரை அங்குலச் சதுரக் கம்பி. அந்த வலையை நாங்கள் எடுத்துவிட்டோம். பிறகு செய்த சோதனைகள் எல்லாம் செங்கல் மேல் வைத்த பூச்சில்லாத இரும்புக் கம்பிகளில் செய்தவை. இதே வலையைப் போட்டு வேறு வீடுகளுக்கும் ஸ்மோக்கர் அனுப்பியிருந்தால், அவர்களுக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். எங்கள் பணத்தைவிட அது முக்கியம்.

இரண்டாவது, கறி வேகும் உருளையான சேம்பரின் சாய்வு. கொழுப்பு வடியும் வால்வு புகைபோக்கிப் பக்கம் இருக்க வேண்டும், சேம்பர் அந்தப் பக்கமாக அரை அங்குலம் சரிய வேண்டும் என்று வரைபடத்தில் எழுதியிருக்கிறது. வால்வு சரியான இடத்தில் இருக்கிறது. சாய்வுதான் தலைகீழ். சமதளத்தில் நிறுத்தி ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஃபயர்பாக்ஸ் பக்கம் 3/8 அங்குலம் தாழ்ந்திருக்கிறது. ஒரு பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) வேகும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கோப்பைக் கணக்கில் கொழுப்பு உருகும். இந்தச் சாய்வில் அது வால்வுக்குப் போகாது, நேராக நெருப்பின் வாய்க்குப் போகும். அங்கே தடுப்புத் தகடும் இல்லை. கொழுப்பு பற்றிக்கொண்டால் கதவைத் திறக்கவும் முடியாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது. தற்காலிகமாக ஃபயர்பாக்ஸ் பக்கச் சக்கரங்களுக்கு அடியில் 7/8 அங்குலக் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். சக்கரம் வைத்த ஸ்மோக்கரைக் கட்டையின் மேல் நிறுத்திச் சமைப்பது நிரந்தர ஏற்பாடு ஆகாது.

இனி புகாரின் மையத்துக்கு வருகிறோம். கடையில் சில நூறு டாலருக்கு ஆஃப்செட் ஸ்மோக்கர் கிடைக்கும்போது ஏழெட்டு மடங்கு கொடுத்துப் பட்டறையில் சொல்லிச் செய்வது ஒரே காரணத்துக்காகத்தான்: காற்று போகும் வழி. ஃபயர்பாக்ஸில் காற்று எவ்வளவு நுழைகிறது, நெருப்பு எந்த வாய் வழியாகச் சேம்பருக்குள் வருகிறது, கறியை எப்படிக் கடக்கிறது, எந்த உயரத்தில் வெளியேறுகிறது என்ற நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் விறகு சுத்தமாக எரியும். பெயிண்ட், கைப்பிடி, முன்பலகை எல்லாம் அதற்குப் பிறகு.

வரைபடத்தில் ஃபயர்பாக்ஸ் 18 அங்குலச் சதுரப் பெட்டி. அதன் மேல்தகடு சேம்பரின் அடிப்பகுதியிலிருந்து 5 அங்குலம் மேலே வரும்படி பற்றவைக்க வேண்டும். அந்த 5 அங்குலப் பிறைதான் நெருப்பின் வாய். உள்விட்டம் 19½ அங்குலச் சேம்பரில் அதன் பரப்பு 60 சதுர அங்குலம். நீங்கள் ஃபயர்பாக்ஸை 1¾ அங்குலம் கீழே இறக்கிப் பற்றவைத்திருக்கிறீர்கள். பிறையின் உயரம் 3¼ அங்குலம் ஆகிவிட்டது. கேட்பதற்குச் சிறிய பிசகு போலத் தெரியும். ஆனால் பிறை மேலே போகப் போகத்தான் அகலும். இழந்த அந்த 1¾ அங்குலமே அதன் மிக அகலமான பகுதி. பரப்பைக் கணக்கிட்டால் 33 சதுர அங்குலம்கூட முழுதாக இல்லை. கிட்டத்தட்ட பாதி வாய் போய்விட்டது.

அடுத்த முனையிலும் இதே கதைதான். உள்விட்டம் 6 அங்குலம், உயரம் 36 அங்குலம் உள்ள புகைபோக்கி, கறி வைக்கும் கம்பித்தட்டின் மட்டத்திலிருந்து புகையை எடுக்கும்படி பக்கத் தகட்டில் பெட்டி வைத்துக் கிளம்ப வேண்டும். வந்திருப்பது சேம்பரின் உச்சியில் துளை போட்டு நட்ட 4 அங்குலக் குழாய், உயரம் 24 அங்குலம். விட்டம் 6 என்றால் பரப்பு 28 சதுர அங்குலம், 4 என்றால் பன்னிரண்டரை. பாதிக்கும் குறைவு. உயரமும் குறைந்ததால் இழுக்கும் வலுவும் குறைகிறது. சூடான புகை தானாகவே மேலே ஏறும். உச்சியில் வழி திறந்து வைத்தால் கூரையை ஒட்டி ஓடி வெளியே போய்விடும், கறி இருக்கும் மட்டத்துக்கு இறங்காது. புகைபோக்கியின் வாயைக் கம்பித்தட்டு மட்டத்துக்கு இறக்கச் சொன்னது அழகுக்காக அல்ல.

இதன் விளைவு முதல் அரை மணி நேரத்திலேயே தெரிகிறது. 16 அங்குல நீளத்தில் பிளந்த போஸ்ட் ஓக் விறகு, ஈரமானியில் 18 சதவீதம், காற்றில்லாத காலை, வெளியே 68 டிகிரி. காற்றுத் துளைகள் இரண்டையும் முழுக்கத் திறந்து ஃபயர்பாக்ஸ் கதவைச் சாத்தினால் சுடர் அடங்கி விறகு புகைய ஆரம்பிக்கிறது. புகைபோக்கியில் கெட்டியான வெள்ளைப் புகை. அதைவிடத் தெளிவான அடையாளம், ஃபயர்பாக்ஸ் கதவின் மேல் விளிம்பு வழியாகப் புகை பின்வாங்கி வெளியேறுவது. முன்னே போக இடமில்லாத புகைதான் பின்னே வரும். அதைப் பார்த்தவுடனேயே அடைப்பு வாயிலோ புகைபோக்கியிலோ இருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கே இரண்டிலும் இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் கதவை மூன்று அங்குலம் திறந்து வைத்தால் மட்டும் சுடர் எழுந்து புகை மெல்லிய நீலமாகிறது. அப்போது கம்பித்தட்டில் ஃபயர்பாக்ஸ் பக்கம் 325 டிகிரி, புகைபோக்கிப் பக்கம் 230 டிகிரி. வித்தியாசம் 95. நீங்கள் எழுதிக்கொடுத்தது 30 டிகிரிக்குள்.

வெப்பமானியை நம்பவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் பிஸ்கட் சோதனையும் செய்தோம். டப்பாவில் வரும் பிஸ்கட் (அமெரிக்க மென்ரொட்டி) மாவு உருண்டைகளைக் கம்பித்தட்டு முழுவதும் வரிசையாக அடுக்கி, ஒரே நேரத்தில் வைத்து ஒரே நேரத்தில் எடுத்தோம். ஃபயர்பாக்ஸ் ஓரத்து வரிசையின் அடிப்புறம் கரி. நடுவில் பொன்னிறம். புகைபோக்கி ஓரத்து வரிசை விரலால் அழுத்தினால் மாவாகவே ஒட்டியது. படங்கள் இணைப்பில் உள்ளன. 48 அங்குல நீளத்தில் சமைக்கத் தக்கது நடுவே சுமார் 20 அங்குலம் மட்டும் என்றால், பாதி ஸ்மோக்கருக்குத்தான் நாங்கள் பணம் கொடுத்ததாக ஆகிறது.

தொலைபேசியில் இரண்டு பதில் சொன்னீர்கள். ‘நாலைந்து தடவை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கினால் சரியாகிவிடும்’ என்பது ஒன்று. பழக்குவது இரும்பின் மேல் எண்ணெய்ப் படலத்தை ஏற்றித் துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். 33 சதுர அங்குலம் அதனால் 60 ஆகாது. ‘கதவு இடுக்குகளுக்குக் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் பட்டை) ஒட்டுங்கள்’ என்பது இன்னொன்று. சேம்பர் கதவின் ஓரத்தில் கொஞ்சம் புகை கசிவது பிரச்சினையே இல்லை, அதைப் புகாராக நாங்கள் எழுதவும் இல்லை. நெருப்பு மூச்சுத் திணறும்போது இருக்கிற இடுக்கையும் அடைத்தால் இன்னும் மோசமாகும்.

தகட்டுக் கனம். சேம்பருக்கு கால் அங்குலக் கனமுள்ள புதிய குழாய் என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறது. பழைய புரொப்பேன் தொட்டியை வெட்டிச் செய்தால் மலிவு என்று நீங்கள் சொன்னபோதும், தொட்டியில் தங்கும் வாயு நாற்றத்தை எரித்துப் போக்கும் வேலையெல்லாம் வேண்டாம் என்று கூடுதலாகக் கொடுத்துப் புதுக் குழாய் கேட்டோம். கதவு வெட்டிய விளிம்பில் கனம் அளக்கும் வெர்னியர் வைத்து ஆறு இடங்களில் அளந்தோம். எல்லா இடத்திலும் 4.7 முதல் 4.8 மில்லிமீட்டர். அது 3/16 அங்குலம். கால் அங்குலம் என்றால் 6.35 வர வேண்டும். 20 அங்குலக் குழாய் கால் அங்குலக் கனத்தில் அடிக்குச் சுமார் 53 பவுண்டு, 3/16 கனத்தில் சுமார் 40. நான்கு அடிக்கு ஏறத்தாழ 52 பவுண்டு இரும்பு குறைகிறது. மெல்லிய இரும்பு சீக்கிரம் சூடேறும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு விறகு போடும்போதும் சூடு ஏறி இறங்கும், ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் நிலையாக நிறுத்தவே முடியாது. குறை இது ஒன்று மட்டும் என்றால் விலையைக் குறைத்துக்கொண்டு வைத்துக்கொள்ளச் சம்மதித்திருப்போம்.

வெப்பமானிகள் கம்பித்தட்டு மட்டத்தில் இரண்டு என்று பேசினோம். கதவின் உச்சியில் ஒன்றுதான் இருக்கிறது, அது காட்டுவது கூரையின் சூட்டை. ஃபயர்பாக்ஸ் வெளிப்புறப் பெயிண்ட் உரிந்ததைக் குறையாக எழுதவில்லை. எந்தப் பெயிண்டும் அங்கே நிற்காது, எண்ணெய் துடைத்துப் பார்த்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும். ஃபயர்பாக்ஸின் 3/8 அங்குலத் தகடும் அதன் வெல்டிங்கும் நேர்த்தியாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வெல்டிங் செய்த கை நல்ல கை. அளவு குறித்துக் கொடுத்த இடத்தில்தான் தவறு நடந்திருக்கிறது.

நீங்கள் சொன்ன ‘ஒட்டுவேலை’, அதாவது இதே ஸ்மோக்கரை வெட்டித் திருத்துவது, ஏன் உதவாது என்பதையும் எழுதிவிடுகிறோம். ஃபயர்பாக்ஸின் மேல்தகடே வாயின் மேல் எல்லை என்பதால், அறுத்து எடுத்து மேலே ஏற்றாமல் வாயைப் பெரிதாக்க வழியில்லை. பழைய பற்றவைப்பு இருந்த இடத்தில் சேம்பரின் பக்கத் தகட்டை மீண்டும் சூடாக்கினால் அது கோணும், கதவும் உட்காராது. உச்சியில் போட்ட 4 அங்குலத் துளையை அடைத்துப் பக்கத் தகட்டில் புதுவழி வெட்ட வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் மிஞ்சுவது மெல்லிய குழாய்தான். எனவே எங்கள் கோரிக்கை இரண்டில் ஒன்று.

கையெழுத்திட்ட வரைபடப்படி கால் அங்குலப் புதுக் குழாயில் சேம்பரைப் புதிதாகச் செய்து, இப்போதுள்ள ஃபயர்பாக்ஸை 5 அங்குல வாயோடு பொருத்தி, 6 அங்குலப் புகைபோக்கியைக் கம்பித்தட்டு மட்டத்தில் வைத்து, பூச்சில்லாத விறகுத் தட்டோடு உங்கள் செலவில் கொண்டுவந்து தருவது. பெயிண்ட் அடிக்கும் முன் வாயின் உயரம், தகட்டுக் கனம், சாய்வு மூன்றையும் எங்கள் முன்னிலையில் அளக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்மோக்கரை எடுத்துக்கொண்டு 3,030 டாலரைத் திருப்பித்தருவது.

எதைச் செய்வீர்கள் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். டெக்சாஸின் ஏமாற்று வணிக நடைமுறைகள் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வழக்குக்கு 60 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. இந்தக் கடிதமும் இதன் ஆங்கில வடிவமும் அந்த அறிவிப்பாகும். இழப்பின் தொகை மேலே சொன்ன 3,030 டாலர், வழக்கறிஞர் செலவு இதுவரை இல்லை. 60 நாள் கடந்தும் தீர்வில்லை என்றால் 20,000 டாலர் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் மனு கொடுப்போம், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிவு செய்வோம். அங்கே போகாமல் பட்டறையிலேயே இதை முடிக்கத்தான் விரும்புகிறோம்.

ஸ்மோக்கரை மூடிய கொட்டகையில் வைத்திருக்கிறோம். சனி, ஞாயிறு எந்த நேரமும் உங்கள் ஆள் வந்து அளந்து பார்க்கலாம். வெர்னியரும் ரசமட்டமும் எங்களிடம் இருக்கின்றன, உங்களுடையதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கழற்றிய துத்தநாக வலையைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். வருகிறவர் அதை எடுத்துப்போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்கள்

இணைப்பு: கையெழுத்திட்ட வரைபடத்தின் நகல், ரசீது, அளவெடுத்த படங்கள், மூன்று நெருப்புச் சோதனைகளின் வெப்பக் குறிப்புகள், பிஸ்கட் சோதனைப் படங்கள்.