கூடைப்பந்துக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வந்து சேரும், படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் (கோரம்) இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். கோடைப் பயிற்சி முகாம் வழக்கம்போல் நடந்தது. கிழக்குப் பக்க ரிங்குக்குப் புது வலை மாட்டப்பட்டது. ஆயுத பூஜை கொண்டாடப்பட்டது.

இனி, சிலர் என்னிடம் நேரில் கேட்டதும் பலர் எனக்குப் பின்னால் பேசியதுமான விஷயத்துக்கு, அதாவது நம் ஏழாம் எண் ஆட்டக்காரரை முதல் ஐவரில் இறக்காததற்கு, வருகிறேன்.

மாவட்ட அரையிறுதியில் 61–62 என்று பின்தங்கியிருந்தோம். மீதி 18 நொடி. பந்து நம் ஏழாம் எண் ஆட்டக்காரர் கையில், அவர்மேல் எதிரணியினர் இரண்டு பேர். ரிங்குக்குக் கீழே நம் பதினோராம் எண், பாலிடெக்னிக் முதலாண்டு படிக்கிற பையன், மறிக்க ஆளே இல்லாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். “அண்ணே, அண்ணே” என்று அவன் கூப்பிட்டது ஸ்கோர் மேஜையில் இருந்த எனக்கே கேட்டது. பாஸ் போகவில்லை. மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்த ஷாட் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் தெறித்தது. ஆட்டம் முடிந்த பிறகும் அந்தப் பையன் கையை இறக்கச் சற்று நேரம் ஆனது. அடுத்த இரண்டு வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ஏழாம் எண் 34 புள்ளி அடித்தும் தோற்றோம், மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று. அதற்கான பதில் என் நோட்டில் இருக்கிறது. அவர் 33 ஷாட் அடித்து 34 புள்ளி எடுத்தார். மற்ற எல்லோரும் சேர்ந்து 24 ஷாட்டில் 27. வகுத்தல் தெரிந்தவர்கள் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட்டில் புள்ளி ஏறும், ஃபவுல் ஏறும், டைம் அவுட் ஏறும். பாஸ் கொடுத்தவன் பெயர் ஏறாது. ஸ்கிரீன் போட்டு ஆளை மறித்து அடி வாங்கியவன் பெயரும் ஏறாது. அதனால்தான் ஜூன் முதல் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி இதையெல்லாம் ஆட்டம்தோறும் எழுதிவருகிறேன். நோட்டு என் சொந்தக் காசு, கழகக் கணக்கில் சேர்க்கவில்லை. இதை வேலையில்லாத வேலை என்றவர்களும் உண்டு.

அரையிறுதிக்குப் பிறகு பயிற்சியாளரும் நானும் பேசி, ஏழாம் எண்ணை முதல் ஐவரில் இறக்காமல் இரண்டாம் குவார்ட்டரில் இறக்கினோம். அவர் துணைத் தலைவரின் அக்கா மகன் என்பதை இங்கே குறிப்பிடும் அவசியமில்லை, எல்லோருக்கும் தெரியும். செயற்குழுவில் பெரிய வாக்குவாதம். “ஜோர்டான் மாதிரி ஒருத்தன் இருந்தால் போதும், மற்ற நாலு பேர் நின்றால்கூடப் போதும்” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். சரி, அமெரிக்காவின் சிகாகோ புல்ஸ் அணிக்கு ஆடிய மைக்கேல் ஜோர்டானையே எடுத்துக்கொள்வோம். 1986 ஏப்ரல் 20 அன்று பாஸ்டனில், அந்த ஊர் அணிக்கு எதிராக அவர் 63 புள்ளி அடித்தார். அவர் அணி 135–131 என்று தோற்றது. அடுத்த பருவத்தில் அவர் சராசரி ஆட்டத்துக்கு 37.1, அணி அதே பாஸ்டனிடம் முதல் சுற்றிலேயே 3–0 என்று வெளியேறியது. பில் ஜாக்சன் பயிற்சியாளராகி, டெக்ஸ் வின்டரின் முக்கோண ஆட்டத்தைப் புகுத்தி, பந்து ஐந்து பேர் கையிலும் புழங்கத் தொடங்கிய பிறகே 1991-இல் முதல் கோப்பை வந்தது. அந்த இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் எதிரணி ஜோர்டானைச் சூழ்ந்துகொள்ள, பந்து சக ஆட்டக்காரர் ஜான் பாக்சனுக்குப் போனது. பாக்சன் 20 புள்ளி.

பெஞ்சில் உட்காரவைப்பது அவமானம் என்றும் பேச்சு வந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை 89–81 என்று அர்ஜென்டினா வீழ்த்தியபோது 29 புள்ளி அடித்தவர் மனு ஜினோபிலி. அவரே அமெரிக்காவின் சான் அன்டோனியோ அணிக்குப் பல பருவம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்துதான் ஆடினார். நம் ஊர்க் கௌரவம் அதைவிடப் பெரியதோ என்னவோ.

மறைக்க விரும்பவில்லை, இந்த மாற்றத்துக்குப் பின் முதல் ஆட்டத்தில் 19 புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அன்று எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. அப்புறம் ஆடிய ஆறில் நான்கு வென்றோம். ஏழாம் எண்ணும் மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஜனவரியில் ஓர் ஆட்டம். ஷாட் அடிக்கிற மாதிரி எழும்பி, கடைசி நேரத்தில் கீழே பதினோராம் எண்ணுக்குத் தட்டிவிட்டார். பையன் ரிங்குக்குக் கிட்டே எழும்பி லே-அப் போட்டான். டைம் அவுட்டில் தண்ணீர் குடிக்கப் போகாமல் நேரே என் மேஜைக்கு வந்து, “சார், அதை நோட்டில் எழுதினீங்களா?” என்று கேட்டார். எழுதியிருந்தேன்.

சந்தா விஷயம். உறுப்பினர்கள் 64 பேர், இந்த ஆண்டு சந்தா கட்டியவர்கள் 29. பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலும், எனக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்கலாம். சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய், மாதம் 50. மனு தட்டச்சு செய்யவும் செலவாகியிருக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் நெருங்கியே இருக்கின்றன. இடைவெளியைச் சிலர் கைமாற்றாகக் கொடுத்துச் சரிக்கட்டினோம். சிலர் என்றால் இருவர்.

மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நடுவர்களுக்கும், ஜெர்சி கொடுத்த அன்பருக்கும், பயணத்துக்கு வேன் தந்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு மேற்குப் பக்கச் சிமெண்ட் தளத்தை உடைத்துப் போட்டாக வேண்டும், விரிசலில் இரண்டு பையன்களுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது. அதற்குப் பணம் இல்லை. ஆறு ஆண்டாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். யாராவது ஏற்க முன்வந்தால் இன்றைக்கே ஒப்படைக்கத் தயார், நோட்டும் சேர்த்து. அதில் இன்னும் 43 பக்கம் மீதி இருக்கிறது. யாரும் முன்வராவிட்டால், பாக்கிச் சந்தாவை இந்த மாதக் கடைசிக்குள் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்