பொகோட்டாவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நம் யாருமல் ஊரில் மழை விட்டபாடில்லை.

போனில் பேசும்போது மாடு கன்று போட்டதா என்று கேட்டாய். கிடேரி என்றேன். வேறு ஏதோ பேசிவிட்டு, மறுபடியும் மாடு கன்று போட்டதா என்றாய். வேலைக் களைப்பாகத்தான் இருக்கும். நேரத்துக்குத் தூங்கு.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். அரேப்பா ரொட்டியைப் பிய்த்துக் கையில் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயருகே கொண்டுபோனால்தான் மெல்லுகிறார்.

அக்கா மெதெயின் போய் வந்தாள். பல்கலைக்கழகத்து நரம்பியல் ஆட்கள் உன்னை விசாரித்தார்களாம். டாக்டர் லோபேரா 2024-ல் காலமான பிறகும் அவர்கள் நம்மைக் கைவிடவில்லை. யாருமலில் வளர்ந்த பிள்ளையாயிற்றே அவர்! அப்பாவுக்கு வந்திருக்கும் இந்த அல்சைமர் மறதி நோயைப் பாட்டி காலத்தில் சாபம், சூனியம் என்றார்கள். அவர்தான் வீடு வீடாக ஏறி இறங்கி, கோவில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி, இது தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் வருவது என்று காட்டினார். பிரெசெனிலின் ஜீனில் ஒரே ஒரு பிழை, ஐரோப்பாவிலிருந்து வந்த யாரோ ஒரு முன்னோர் விட்டுப்போனது.

மறதி வராமல் தடுக்குமா என்று சோதித்த அந்த ஊசி பலிக்கவில்லை என்று 2022-ல் சொன்னதும் உனக்கு மனசு விட்டுப்போனது. எனக்கும் வயிறு எரிந்தது. அதற்காக எங்களையும் ஒதுக்குவாயா? நம் வீட்டின் முதல் இன்ஜினியர் என்று சந்தையில் எல்லாரிடமும் உன்னைப் பற்றிப் பேசுகிறவள் நான். மாதக்கணக்கில் போன் வராததை யாரிடம் சொல்வேன்?

44 வயது வாக்கில் மறதி தொடங்கும் என்பது சராசரிதான், தம்பி. அலிரியா என்ற அந்த அம்மாவுக்கு இதே பிழை இருந்தும் 70 தாண்டும்வரை மறதி வரவில்லை. வேறொரு அபூர்வ ஜீன் காத்தது என்றார்கள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் பாதிக்குப் பாதிதான். உனக்கு வராமலே இருக்கலாம். வரவில்லை என்றுதான் நான் தினமும் மாதாவிடம் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனை முடிவைக் கேள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். ஆனால் வருகிற மார்ச்சில் உனக்கு 43 முடிகிறது. ஞாபகச் சோதனையை மட்டும் ஒரு தடவை பண்ணிக்கொள். மருமகளையும் கூட்டிப் போ. குடிக்காதே. நேரத்துக்குத் தூங்கு.

போகிற நாளைச் சொல். அப்பாவை அக்கா பார்த்துக்கொள்வாள், நானும் மெதெயின் பஸ் ஏறிவிடுகிறேன். போன் பண்ணு. உன்னால் முடியாவிட்டால் மருமகளையாவது பண்ணச் சொல்.

அம்மா