சின்னப் பையனின் நடையை வைத்துத் திட்டம் போடு

காட்பாடி

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் பள்ளிச் சாரணர் படையை நம் ஜவ்வாது மலைக்கு அழைத்து வரப்போவதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. நீ அனுப்பிய திட்டத்தை நானும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். மலையும் சரி, மூன்று நாள் என்பதும் சரி. ஆனால் நீ அதில் எழுதியிருப்பது உன்னுடைய நடை. உன் படையிலேயே சிறியவனாக இருக்கும் ஆறாம் வகுப்புப் பையனின் நடை அல்ல. இந்த ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறாய். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892ஆம் ஆண்டில் ஒரு கணக்குச் சொன்னார். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்பது அந்தக் கணக்கு. அதன்படி 15 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அது திடகாத்திரமான பெரியவர்கள் நிற்காமல் நடக்கும் கணக்கு. சுமையுள்ள சிறுவர்களுக்கு அதில் பாதியையாவது கூட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் செருப்பில் சிக்கிய முள்ளை எடுப்பதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்துப் பார். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டவர்கள் மாலை நான்கரைக்குத்தான் போய்ச் சேருவார்கள். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், கூடாரம் அடித்து அடுப்பு மூட்டப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் போதாது. ஆகவே நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர் போதும். மீதி நேரம் வீண் என்று நினைக்காதே. அவர்கள் சமைப்பதும் ஓடையைப் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான்.

அடுத்தது சுமை. பிள்ளையின் எடையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாதே. 40 கிலோ எடையுள்ள பையனுக்கு அது ஆறு கிலோவுக்குள் அடங்க வேண்டும். அதில் இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோ ஆகிவிடும் என்றால், துணி, போர்வை, தட்டு, உணவு எல்லாவற்றுக்கும் நாலு கிலோவுக்கும் குறைவாகவே மிஞ்சுகிறது. கூடாரத்தின் துணியை ஒருவனும் கம்பிகளை இன்னொருவனும் முளைகளை மூன்றாமவனும் சுமக்கட்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாப் பைகளையும் கட்டச் சொல்லி, பள்ளியிலேயே ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார். கனமான பொருள் முதுகை ஒட்டித் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டும்; இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் பாரம் தோளிலிருந்து இறங்கும். பையை மாட்டிக்கொண்டு பள்ளி மாடிப்படியைச் சில முறை ஏறி இறங்கச் சொன்னால், எவன் முன்பக்கம் குனிகிறான், எவன் பட்டைக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கிறான் என்பது தெரிந்துவிடும். புதுக் காலணி போட்டு வர எவனையும் விடாதே. குதிகால் எரிகிறது என்று பையன் சொன்ன உடனே வரிசையை நிறுத்திப் பிளாஸ்திரி ஒட்டு; கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டிப் பயனில்லை.

நடக்கும்போது மெதுவாக நடப்பவன் முன்னால் போகட்டும். அவன் வேகமே படையின் வேகம். கடைசி ஆளாகப் பெரியவர் ஒருவர் வர வேண்டும். அவருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் நீயே செய்துவிடாதே. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்களிலேயே ஒருவனைத் தலைவனாக வைத்தார். சாரணர் இயக்கத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். எத்தனை ஆழாக்கு அரிசி, எவ்வளவு பருப்பு, யார் பாத்திரம் தேய்ப்பது என்பதை அணித் தலைவர்கள் முடிவு செய்யட்டும். உப்பை மறந்தால் ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிடட்டும். தண்ணீர், மருந்து, அனுமதி ஆகிய மூன்றை மட்டும் நீ யாரிடமும் விடாதே.

அரையாண்டு விடுமுறையா, மார்ச் மாதக் கடைசியா என்று கேட்டிருந்தாய். மார்ச் வேண்டாம். அப்போது ஜவ்வாதில் இலை உதிர்ந்து சருகு காய்ந்து கிடக்கும்; ஓடைகளில் தண்ணீரும் இருக்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபது பேருக்கு மேல் உயிரிழந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளே வகுத்தது. எனவே வனத்துறைக்கு இப்போதே கடிதம் எழுதி, நடக்கும் பாதை, ஆட்களின் எண்ணிக்கை, தங்குமிடம் ஆகியவற்றைத் தெரிவித்து அனுமதி வாங்கிவிடு. மலை பழைய வடஆற்காட்டுக்குள் இருந்தாலும் இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. உன் பாதை எந்த அலுவலகத்தின் எல்லையில் வருகிறது என்று முதலில் உறுதி செய்துகொள். காப்புக் காட்டுக்குள் கூடாரம் அடிக்கும் எண்ணத்தை விட்டுவிடு. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில், ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு தங்குவதுதான் முறை. அவர்கள் விளைவிக்கும் சாமையை அங்கேயே வாங்கிச் சமைத்தால் பிள்ளைகளுக்குச் சுமையும் குறையும், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இல்லாமல் நடக்கவே வேண்டாம்.

ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ உறிஞ்சுவதோ கூடாது; கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மலையில் பல இடங்களில் அலைபேசி எடுக்காது என்பதால் 108ஐ மட்டும் நம்பாமல், தங்கும் ஊரில் இரவும் பகலும் ஒரு வண்டி நிற்கும்படி பேசி வைத்துக்கொள். இந்தச் செலவைக் குறைக்க உன் பள்ளியில் யாராவது சொன்னால் நீ இணங்கவே கூடாது.

ராத்திரியில் குளிர் இருக்கும். ஒவ்வொருவனிடமும் கம்பளிச் சட்டை ஒன்றாவது இருக்கட்டும். இருட்டிய பிறகு கிழக்கே திருவாதிரையைக் காட்டி, காவலூர் வான் ஆய்வகத்தை ஏன் இந்த மலையில் வைத்தார்கள் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்.

திருத்திய திட்டத்தையும், பிள்ளைகளின் எடையையும் பைகளின் எடையையும் எதிரெதிரே எழுதிய தாளையும் எனக்கு அனுப்பு. ரயில் காட்பாடிக்கு எத்தனை மணிக்கு வரும், எத்தனை பேர் என்றும் எழுது. முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை கட்டித் தருவதாக அம்மா சொல்கிறாள், அதற்குப் புளி வாங்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா