செடியின் பெயர் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்மசி கல்லூரியில் பல ஆண்டுகள் பார்மகாக்னசி, அதாவது தாவரங்கள் முதலிய இயற்கை மூலங்களிலிருந்து பெறும் மருந்துப் பொருள்களைப் பற்றிய பாடம், நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ‘இன்ன செடியில் புற்றுநோய்க்கு மருந்து’, ‘இன்ன இலை சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வில் தகவல்’ என்பன போன்ற தலைப்புகளை நாளிதழ்களில் காணும்போதெல்லாம், செடியின் எந்தப் பாகத்தை எடுத்தார்கள், எதில் ஊறவைத்துச் சாறு பிரித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்ற நான்கு விவரங்களைத்தான் செய்தியில் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் அவற்றில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

இந்த விவரங்கள் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஆர்ட்டிமிசினின் என்னும் மலேரியா மருந்தின் வரலாற்றைச் சொல்வது என் வழக்கம். 1967-இல் சீனா தொடங்கிய ‘திட்டம் 523’ என்னும் மலேரியா ஆய்வில் பங்கேற்ற சீன ஆய்வாளர் தூ யூயூவின் குழு, ஆர்ட்டிமிசியா ஆனுவா என்ற செடியின் சாற்றை மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது ஒருமுறை நல்ல பலன் தெரிந்தது; மறுமுறை தெரியவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹோங் எழுதி வைத்த குறிப்பை அவர் மீண்டும் படித்தபோது, அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததையும், கொதிக்கவைக்கச் சொல்லாததையும் கவனித்தார். சூடுதான் மருந்துப் பொருளைக் கெடுக்கிறது என்று ஊகித்து, ஏறத்தாழ 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளில் மலேரியாக் கிருமியை முற்றாக ஒழித்தது. 1972-இல், நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன், தூவும் அவருடைய சகாக்கள் இருவரும் அதைத் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள். 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. செடி முதலிலிருந்தே அதே செடிதான். மாறியது சாறெடுத்த முறை. இன்றைக்கும் அந்தச் செடியைத் தேநீராகக் கொதிக்கவைத்துக் குடித்தால் மாத்திரையின் பலன் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் சரியாகக் கரைவதே இல்லை.

செடி எதுவென்றே தவறிப்போனால் நேர்வது இன்னும் கொடியது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொண்ட 100-க்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயின. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மாத்திரையில் சேர்க்க வேண்டியிருந்தது ‘ஃபாங் ஜி’ என்ற சீன மூலிகை. அதற்குப் பதிலாக, பெயரில் ஏறத்தாழ அதையே ஒத்த ‘குவாங் ஃபாங் ஜி’ சேர்ந்துவிட்டிருந்தது. பின்னது அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்துக்கு நஞ்சு. நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனத்துச் செடிதான்.

பொடியாகிவிட்ட இலையை வெறுங்கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல, எத்தனை அனுபவம் உள்ளவராலும் முடியாது. ஒரு சிட்டிகைப் பொடியைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் லேசாகச் சூடாக்கி, பச்சையம் வெளுத்த பிறகு நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், இலைத்துளைகளின் அமைப்பும், மயிர்களின் வடிவமும், கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் தெளிவாகத் தெரியும். அதன் பிறகுதான் மாணவர்களை வாய் திறக்க அனுமதிப்பேன். (முதல் வாரம் எல்லாருமே பெயரை ஊகித்துச் சொல்வார்கள், எல்லாமே தவறாக இருக்கும்.) நல்ல ஆய்வாளர்கள் இதனோடு நிற்பதில்லை. பயன்படுத்திய செடியின் மாதிரியை உலர்த்தி, ஹெர்பேரியம் (உலர்தாவர மாதிரித் தொகுப்பு) தாளில் ஒட்டி, எண்ணிட்டுப் பாதுகாக்கிறார்கள்.

சோதனைக்குழாயில் புற்றணுக்கள் செத்தன என்பதும் தனியாக நின்றால் பெரிய செய்தியாகாது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ வேலைகளைச் செய்வதாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் வாய்வழி உட்கொள்ளும்போது அதில் மிகச் சிறிய பகுதியே இரத்தத்தை எட்டுகிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனையானாலும் ஒன்றோடு முடிவுகட்டிவிட முடியாது. 1988-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கீழாநெல்லிப் பொடி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத பொடி (பிளாசிபோ) பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. எவரும் எழுந்து உட்காரக்கூடிய முடிவுதான். ஆயினும் பின்னர் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அது அப்படியே மீளவில்லை. இந்த இரண்டாம் பகுதி எந்த நாளிதழிலும் தலைப்பாக வந்து நான் பார்த்ததில்லை.

மூலிகை ஆராய்ச்சியைக் குறைத்துப் பேசுவதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். நித்தியகல்யாணி சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வுதான், எலிகளின் வெள்ளையணுக்கள் குறைந்ததைக் கவனித்ததால், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தில் போய் முடிந்தது. அந்த மருந்து சிரை வழியாக மில்லிகிராம் கணக்கில் ஏற்றப்படுவது. செடியைப் பறித்துத் தின்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆபத்து மட்டுமே உண்டு.

ஆகவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது செடியின் தாவரவியல் பெயரையும், பாகத்தையும், சாறெடுத்த முறையையும், அளவையும் ஆய்வறிக்கையிலிருந்து எடுத்து இரண்டு வரிகளில் சேர்க்குமாறும், சோதனை எலிகளிடம் மட்டுமே நடந்திருந்தால் ‘எலிகளில்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே இடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பார்மகாக்னசி ஆசிரியர் ஒருவர்